சொல்லாமல் போகும் கடற்கரை

பீலெஃபெல்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள். தை மாதம் பிறந்ததும் கீழே தபால் பெட்டிகளுக்கு மேலாக ஃப்றாவ் பிறிங்க்மன் ஒரு பெரிய தாளை ஒட்டிவிடுவார். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் பெண்மணி அவர். அந்த வருடம் தாங்கள் எந்தக் கிழமையில் உர்லௌப், அதாவது விடுமுறை, போகப்போகிறோம், எங்கே போகப்போகிறோம் என்று ஒவ்வொரு குடும்பமும் அந்தத் தாளில் எழுத வேண்டும். யாருடைய பூச்சாடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, மாடிப்படி கூட்டும் முறையை யார் யாரோடு மாற்றிக்கொள்வது என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தீர்மானமாகும். வெளியே பனி முழங்கால் வரை கிடக்கும். இந்த மனிதர்களுக்கோ யூலை மாதத்தில் எந்தக் கடற்கரையில் தாங்கள் படுத்திருப்போம் என்று அப்போதே தெரிந்திருக்கும். இருபத்தைந்து வருடங்களாக எங்கள் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. நாங்கள் எங்கும் போகாதவர்கள் அல்லர். ஆனால் செத்தவீடு தை மாதத்தில் சொல்லிவைத்து வருவதில்லை. கலியாணவீட்டுக்குப் போய் மூன்று நாள் நிலத்தில் படுத்துவிட்டு வருவதை உர்லௌப் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்த வருடம் எழுதினேன். யூன், இரண்டாம் கிழமை, இங்கிலாந்து. பேனாவை மூடுவதற்குள் ஃப்றாவ் பிறிங்க்மன் கதவைத் திறந்துவிட்டார்.

“இங்கிலாந்தா! உங்கள் மனைவியின் அக்கா வீட்டுக்கா?”

“இல்லை. கடலுக்கு. அக்காவுக்கு இது தெரியாது.”

அவர் முகம் மலர்ந்தது. விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, “அவருக்கு ஒரு இனிய ஆச்சரியம்! நான் யாருக்கும் சொல்லமாட்டேன்,” என்றார். அக்காவுக்கு முன்னால் திடீரென்று போய் நிற்பதல்ல, அக்கா இருக்கும் நாட்டுக்கே போய் அக்காவைப் பார்க்காமல் திரும்பி வருவதுதான் எங்கள் திட்டம் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எனக்குத் தெரிந்த ஜெர்மன் அதற்குப் போதவில்லை. தமிழிலும் எனக்கு அது அவ்வளவாகச் சொல்லத்தக்க விடயமாக இல்லை. நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன்.

இங்கிலாந்துக் கடலை என் மனைவி பிலோமினாவுக்கு அறிமுகப்படுத்தியது ஜெர்மன் தொலைக்காட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒருவகைப் படம் போடுவார்கள். கதை நடப்பது இங்கிலாந்துக் கடற்கரை ஊரொன்றில். வெள்ளைப் பாறை, கடலுக்குள் நீளும் பாலம், கோடு போட்ட துணிக் கதிரைகள், கையிலிருக்கும் பொரித்த உருளைக்கிழங்கைப் பறித்துக்கொண்டு போகும் கடற்பறவைகள். எல்லா ஆங்கிலேயரும் சுத்தமான ஜெர்மன் பேசுவார்கள். கடைசியில் எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். போன வருடம் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்த மாதங்களில் பிலோ இந்தப் படங்களை ஒன்றும் விடாமல் பார்த்தாள். கதையை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. கதிரைகளைக் காட்டினால் மட்டும் தலையை நிமிர்த்துவாள். “இஞ்சாருங்கோ, பாத்தியளே. ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கினமில்லை. சும்மா கடலைப் பாத்துக்கொண்டு இருக்கினம்,” என்பாள். அவள் மன்னார்க் கரையில் பிறந்தவள். அங்கே கடல் என்பது வேலைத்தலம். வலை இழுக்கலாம், மீன் பிரிக்கலாம், கருவாடு காயப்போடலாம், வராத வள்ளத்துக்காக நிற்கலாம். சும்மா பார்ப்பதற்கென்று யாரும் அங்கே கதிரை கொண்டுவந்து போட்டதில்லை.

நாங்கள் அதுவரை பதினொரு தடவை இங்கிலாந்து போயிருக்கிறோம். ஐந்து கலியாணம், மூன்று செத்தவீடு, தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல்நன்மை இரண்டு, ஒரு வீடு குடிபூரல். பதினொரு தடவையும் நாங்கள் கண்டது லண்டனின் ஹரோவில் பிலோவின் அக்கா றெஜினாவின் முன்னறையும், அதைப் போன்ற இன்னும் பல முன்னறைகளும்தான். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அந்தக் கோபம் தீர இரண்டு கலியாணம் வேண்டும். ஆகவே ஒரே நாளில் நான்கு வீடுகளில் சோறு தின்றிருக்கிறோம். ஒருமுறை பிலோ, “கடல் எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள். றெஜினாவின் கணவர், அப்போது உயிரோடு இருந்தார், “அங்கை என்ன கிடக்கு? கிழட்டு வெள்ளையளும் காத்தும்,” என்று சொல்லி எங்களை ஒரு பெரிய கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனார். பிலோ அங்கே நான்கு பால்மாப் பேணிகளை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

இனி பிலோவுக்கு வந்த அந்த வருத்தத்தைப் பற்றி, நோயைப் பற்றி, சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அதன் பெயரை வாயால் சொல்வதில்லை. நானும் பழக்கதோஷத்தால் இங்கே எழுதவில்லை. போன வருடம் சித்திரையில் பிலோவின் மார்பில் கண்டார்கள். அவளுடைய தாயும் அதில்தான் போனவர். தாயைக் கடைசிவரை பராமரித்தவள் றெஜினா. அவளுக்குச் சொல்லக்கூடாது என்று முதல் நாளே பிலோ என்னிடம் சத்தியம் வாங்கினாள். “அக்கா கேட்டவுடனை ஒப்பாரி வைப்பா. நான் உயிரோடை இருந்துகொண்டு என்ரை ஒப்பாரியைக் கேக்க ஏலாது,” என்றாள். அடுத்த மாதம் லண்டனில் றெஜினாவின் மகனுக்குக் கலியாணம். கலியாணவீட்டுக்குக் கெட்ட சேதி போகக்கூடாது. போகாமல் இருக்க ஒரு காரணமும் வேண்டும். அந்தக் காரணமாக நான் ஆனேன். எனக்கு நெஞ்சில் அடைப்பு, பயணம் செய்யக்கூடாது, பிலோ என்னை விட்டு அசையமுடியாது என்று சொன்னோம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகளுக்கு உண்மை தெரியும். பிலோவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஃப்றாவ் பிறிங்க்மனுக்கு உண்மை தெரியும். கூடப்பிறந்தவளுக்குத் தெரியாது.

என் வாழ்நாளில் இவ்வளவு அன்பை நான் அனுபவித்ததில்லை. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் எனக்குத் தொலைபேசி வந்தது. உள்ளிப்பால் குடிக்கச் சொன்னார்கள். வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார்கள். இருபது வருடமாகப் பேசாத ஒரு சகலன் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் நலிந்த குரலில் பேசப் பழகிக்கொண்டேன். ஆடி மாதமளவில் எனக்கு உண்மையாகவே நெஞ்சு பிடிக்கத் தொடங்கியது. வைத்தியர் மூன்று சோதனை செய்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பக்கத்து அறையில் உண்மையான நோயாளி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, நான் பெறும் ஆறுதல்களைக் கேட்டபடி படுத்திருப்பாள். சில நேரம் சிரிப்பாள்.

ஓகஸ்ட் மாதம் றெஜினா என் உயரம் என்ன என்று கேட்டுத் தொலைபேசி எடுத்தாள். நான் எதற்கென்று யோசிக்காமல் அளந்தே சொல்லிவிட்டேன், நூற்று அறுபத்தெட்டுச் சென்ரிமீற்றர். இங்கே ஜெர்மனியில், கெவலாரில் மாதா திருவிழாவுக்கு வருடாவருடம் ஐரோப்பாவில் உள்ள எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடுவார்கள். லண்டனிலிருந்தும் பஸ் வரும். அக்காவும் தங்கையும் தவறாமல் சந்திக்கும் இடம் அது. அந்த வருடம் நாங்கள் போகவில்லை. றெஜினா எனக்காக நேர்த்தி வைத்து, என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி செய்வித்து, அதைப் படுக்கை விரிப்பில் சுற்றி பஸ்ஸின் நடைபாதையில் கிடத்திக் கொண்டுவந்தாளாம். கடலைத் தாண்டும்வரை ஆட்கள் அதைக் காலால் தொட்டுவிடாமல் கடந்து போனார்களாம். ஏற்றிய பிறகு படம் அனுப்பினாள். எழுபது வயது மனுஷி தன்னைவிட உயரமான மெழுகுதிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “இவ்வளவு கிட்ட வந்திட்டன், ஒருக்கா வந்து பாத்திட்டுப் போறன் மச்சான்,” என்றாள். வைத்தியர் ஆட்களைப் பார்க்க விடவில்லை என்றேன். அவள் அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். பிலோவின் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு. ஆள் மாறிப் போன அந்த வேண்டுதல் என்ன ஆகும், கூடிப்போன பதினாறு சென்ரிமீற்றர் எந்தக் கணக்கில் சேரும் என்று நான் பங்குச் சுவாமியிடம் கேட்க நினைத்து, கேட்கப் பயந்து விட்டுவிட்டேன்.

மார்கழியில் சோதனைகள் நல்லபடி வர, பிலோவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு கிழமை, என்றாள். கோடு போட்ட கதிரை. ஒருவரும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “என்னடி இப்பிடி வாடிப்போனாய்?” என்று கேட்காத ஓர் இடம். ஜெர்மனியிலேயே கடல் இருக்கிறதே என்றேன். “இங்கிலாந்தை ஒருக்காவெண்டாலும் அக்கான்ரை முன்னறை இல்லாமல் பாக்கவேணும்,” என்றாள். ஈஸ்ட்போர்ன் என்ற ஊரைத் தெரிந்தெடுத்தோம். பாலம் இருக்கிறது, வாத்தியம் வாசிக்கும் மேடை இருக்கிறது, வயோதிபர் நிறைய இருக்கிறார்கள்.

திட்டம் போடுவது என் பொறுப்பு. திட்டம் போட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. லண்டனைத் தொடாமல் போகும் வழி கண்டுபிடித்தேன். விமானத்தில் காட்விக், அங்கிருந்து ரெயின். ஆனால் விமான நிலையத்தில் எங்கள் ஆட்கள் வேலை செய்வார்களே? ஈஸ்ட்போர்னில் எத்தனை பெற்றோல் நிலையம், எத்தனை மூலைக் கடை என்று வரைபடத்தில் எண்ணினேன். இங்கிலாந்தில் ஒரு மூலைக் கடை இருந்தால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்தார் இருப்பார். பால் வாங்கப் போனால், “அண்ணை எந்த இடம்?” என்பார். நான் பதில் சொல்லி ஒரு மணித்தியாலத்தில் ஹரோவுக்குச் சேதி போய்விடும். ஆகவே பாலும் தேயிலையும் இங்கிருந்தே கொண்டுபோவதாக முடிவெடுத்தேன். நுழைவு அனுமதிக்குக் கைத்தொலைபேசியில் முகத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கடவுச்சீட்டில் பிலோவுக்கு நீண்ட பின்னல். இப்போது ஆட்டுக்குட்டி மாதிரிச் சுருண்ட, இரண்டு விரலளவு வெள்ளை முடி. நிராகரித்துவிடுவார்கள் என்று நான் நடுங்கினேன். அனுமதி உடனே வந்துவிட்டது. இங்கிலாந்து அரசாங்கத்துக்கு அவளுடைய புதுத் தலை தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

தங்குவதற்குப் பிடித்த வீட்டின் சொந்தக்காரி தொலைபேசியில் அன்பாகப் பேசினாள். “ஏதாவது விசேடமா?” என்று கேட்டாள். “இல்லை அம்மா, நாங்கள் சாதாரண ஆட்கள்,” என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, கடற்கரையில் தங்களுக்கு ஒரு சின்ன மரக்கொட்டில் இருக்கிறது, துணிக் கதிரைகள் அதில் இருக்கும், எத்தனை போடவேண்டும் என்று வருவதற்கு முன் சொன்னால் போதும் என்றாள். எல்லாம் சரி. ஆனால் பதிவு செய்த காகிதத்தை பிலோ பார்த்துவிட்டாள்.

“ஏனப்பா நாலு பேர் படுக்கிற வீடு?”

“அதுதான் கிடைச்சது.”

“பொய் சொல்லாதேங்கோ. அக்காவுக்குச் சொல்லப்போறியள். அவ வந்து படுக்கத்தானே அந்தக் கட்டில்?”

நான் இல்லை என்று சாதித்தேன். ஆனால் அது பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியவில்லை. கட்டில்களை எண்ணும்போது என் கை தானாகவே இரண்டைக் கூட்டியிருக்க வேண்டும். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவள் கோபம் பொறுக்கமுடியாமல் நான் ஃப்றாவ் பிறிங்க்மனிடம் முறையிட்டேன். இந்த முறை முழுக் கதையையும் சொன்னேன். அவர் மேலே வந்து, கேக் துண்டை வெட்டிக்கொண்டே பிலோவிடம் சொன்னார்: “இதில் என்ன சிக்கல்? அக்காவை ஒரு மணி நேரம் கோப்பி குடிக்கக் கூப்பிடுங்கள். பிறகு அவர் போகட்டும். நீங்கள் கடலைப் பாருங்கள்.” ஒரு மணி நேரத்தில் போகச் சொல்வது எங்களில் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்றேன். “ஏன்? ஒரு மணி நேரம் நீண்ட நேரம் அல்லவா?” என்று அவர் உண்மையாகவே வியந்தார். பிலோ கேக்கை முழுவதும் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, பிலோ மேசையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். றெஜினா ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பாள். மணி அடித்ததும் எடுத்து, ஒலியைப் பெரிதாக்கி வைத்தேன்.

“எப்பிடி மச்சான் நெஞ்சு? உள்ளிப்பால் குடிக்கிறியளோ?”

“ஓம் மச்சாள், குடிக்கிறன்.”

“பொய். உங்கட குரலிலை உள்ளியே இல்லை. சரி, இருந்துகொண்டு கேளுங்கோ, நெஞ்சுக்காரருக்குத் திடீரெண்டு சொல்லக்கூடாது. நான் அங்கை வாறன். பெடியன் ரிக்கற் போட்டிட்டான். யூன் ரெண்டாங் கிழமை, ஏழு நாள். நீங்கள் ஒண்டும் சமைக்கவேண்டாம், எல்லாம் நான் கொண்டுவாறன்.”

பிலோவின் கத்தி நின்றது.

“மச்சாள், அந்தக் கிழமை எனக்கு டொக்ரரிட்டை ஒரு டெர்மீன் இருக்கு.”

“அதுக்கென்ன, நானும் வாறன். அந்த டொக்ரரோடை நானே கதைக்கிறன். ஒரு வருசமா என்னத்தைப் பாக்கிறாராம்?”

“இல்லை, அது... நாங்கள் வீட்டிலை நிக்கமாட்டம்.”

“நிக்கமாட்டியளோ? நெஞ்சுவருத்தக்காரன் எங்கை ஊர் சுத்தப் போறார்?”

உங்கள் நாட்டுக்கு என்று எப்படிச் சொல்வது? பிலோ கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை எடுத்தாள்.

“அக்கா, இவருக்கு நெஞ்சிலை ஒண்டுமில்லை. குதிரை மாதிரி இருக்கிறார். வருத்தம் எனக்குத்தான் வந்தது. அம்மாவுக்கு வந்த அதேதான். இப்ப சுகம்.”

ஒப்பாரி இப்போது வரும், இப்போது வரும் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உன்ரை உயரம் என்ன?” என்றாள் றெஜினா.

“என்ன?”

“உன்ரை உயரமடி. அந்த மெழுகுதிரி உந்த மனுசன்ரை அளவுக்கெல்லோ செய்தது. மாதாவுக்கு நான் இப்ப என்ன சொல்லுறது?”

பிலோ சிரித்தாள். சிரிக்கும்போதே குரல் உடைந்தது. அந்தப் பக்கத்திலும் உடைந்தது.

“கள்ளி. கலியாணத்திலை உனக்கெண்டு என்ரை பக்கத்திலை கதிரை வைச்சிருந்தனான். சாப்பாடு முடியுமட்டும் ஒருத்தரையும் அதிலை இருக்கவிடேல்லை. வெறுங்கதிரையோடைதான் எல்லாப் படமும் இருக்கு.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நாளைக்கே வாறன்.”

“வராதை அக்கா.”

“என்ன?”

“இஞ்சை வராதை. யூனிலை நாங்கள்தான் அங்கை வாறம். உன்ரை வீட்டை இல்லை. ஈஸ்ட்போர்னுக்கு. கடல் பாக்க.”

“ஈஸ்ட்போர்னோ? எனக்குச் சொல்லாமலோ?” குரல் மாறிவிட்டது. “அங்கை உனக்கு ஆர் சமைப்பினம்? நான் வந்து நிக்கிறன்.”

“சமைக்கவேண்டாம். நிக்கவும் வேண்டாம். புதன்கிழமை பதினொரு மணிக்கு வா. என்ரை பக்கத்திலை இரு. பின்னேர ரெயினிலை போ.”

“எனக்கு டெர்மீன் தாறியோடி?” முப்பது வருடமாக எங்கள் வாயில் கேட்டுக் கேட்டு றெஜினாவுக்கும், முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுப்பதற்கான அந்த ஜெர்மன் சொல் தெரியும்.

“ஓம் அக்கா. தாறன்.”

“ஜெர்மன்காரி!” என்றாள் றெஜினா. தொடர்பு அறுந்தது. அவள் வைத்தாளா, தானாக விழுந்ததா என்று நாங்கள் இரண்டு பேரும் நீண்ட நேரம் விவாதித்தோம்.

அடுத்த ஞாயிறு தொலைபேசி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ரிக்கற்றை ரத்துச் செய்துவிட்டதாக மகனிடமிருந்து ஒரு வரி மட்டும் வந்தது. பிலோ நல்லாய்த்தான் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறாள். ஆனால் பூசையிலிருந்து வந்ததும் தொலைபேசியைத் துடைத்து மேசையின் நடுவில் வைக்கிறாள். நான் சொன்ன பொய் சரியா, அவள் சொன்ன உண்மை சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஃப்றாவ் பிறிங்க்மன், “நேர்மையாகச் சொல்லிவிட்டீர்கள், பிரமாதம்!” என்று வாழ்த்துகிறார். அவருடைய நேர்மைக்கு இப்படி விலை கொடுக்க வேண்டியிருப்பதை அவர் அறியார்.

போன சனிக்கிழமை பிலோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மகள் வளர வளர நான் பென்சிலால் கோடு போட்ட நிலை அது. “அளவுங்கோ,” என்றாள். பதினொரு வயது மகளுக்கும் பன்னிரண்டு வயது மகளுக்கும் இடையில் அவளுடைய தலை வந்தது. நூற்று ஐம்பத்தொன்று. மருந்து ஒரு சென்ரிமீற்றரை எடுத்திருக்கிறது. அந்த இலக்கத்தை மட்டும் றெஜினாவுக்கு அனுப்பினோம். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

இன்று காலை ஈஸ்ட்போர்ன் வீட்டுக்காரியிடமிருந்து நினைவூட்டல். மரக்கொட்டிலுக்கு எத்தனை கதிரை வேண்டும் என்று கேட்டிருந்தாள். பிலோவைக் கேட்டேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஃப்றாவ் பிறிங்க்மன், நாங்கள் இல்லாத கிழமைக்குப் பழகிக்கொள்வதுபோல, வாசலில் இருக்கும் எங்கள் பூச்சாடிக்கு இப்போதே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிலோ இரண்டு விரல்களை உயர்த்தி, பிறகு மூன்றாவதையும் நிமிர்த்தினாள். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கவனமாக எழுதினேன்: ஜெர்மனியிலிருந்து நாங்கள் இரண்டு பேர், ஆகவே எல்லா நாளும் இரண்டு கதிரை. புதன்கிழமை மட்டும் மூன்று. மூன்றாவதில் ஆள் இல்லாவிட்டாலும் தயவுசெய்து அதை மடித்து வைக்க வேண்டாம்.